முதலில் வைத்தவர் தோற்றவர்

இடது கை ஒரு மேல்தாடை அச்சைக் கோழிமுட்டையைப் பிடிப்பதுபோலப் பிடித்திருக்கிறது. வலது கை, விளக்குச் சுடரில் காட்டிய சிறு கத்தியால், இளஞ்சிவப்பு மெழுகில் ஒரு சொட்டு எடுத்து, பல்லின் அடியில் இட்டு, ஈறுபோல வழித்துவிடுகிறது. மெழுகு ஆறுவதற்கு நாலு மூச்சு நேரம்தான். அதற்குள் பல்லைத் திருப்ப வேண்டிய அளவு திருப்பி, சாய்க்க வேண்டிய அளவு சாய்த்தாக வேண்டும். முகம்கூடப் பார்த்திராத யாரோ ஒருவருடைய சிரிப்பு, அந்த மேசைமேல் இழை இழையாக உருவாகிக்கொண்டிருக்கிறது.

போன் அடிக்கிறது.

கை நிற்கிறது. மெழுகு ஆறுகிறது. பல் கோணலாக நின்றுவிடுகிறது. கைகளுக்குச் சொந்தக்காரர் திரையை எட்டிப் பார்க்கிறார். தெரியாத எண். அப்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வருகிறது பாருங்கள், அதற்குப் பெயர் எரிச்சல் என்று அவர் சொல்வார். நீங்கள் நம்ப வேண்டாம்.

வாசகரே, இவர்தான் நாம் இன்று பார்க்கப்போகும் பிறவி: போனை வைக்காத மனிதர்.

தெரியாத எண்ணைக் கண்டால் எடுக்காமலே விடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நெஞ்சுரம் இருக்கிறது. எடுத்து, ‘வேண்டாம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு வேலை இருக்கிறது. ‘மீட்டிங்ல இருக்கேன்’ என்று குளியலறையிலிருந்து, வாளி நிரம்பும் சத்தத்தின் நடுவே சொல்கிறவர்கள் உண்டு. அவர்களுக்குக் கற்பனை இருக்கிறது. நம்மவருக்கு இவை எதுவும் தேவைப்படவில்லை. அவரிடம் ஒரு கொள்கை இருக்கிறது. முதலில் வைக்கிறவன் தோற்றவன்.

தெருவில் அவரைப் பல்லுக்காரர் என்பார்கள். பல் பிடுங்குகிறவர் வேறு. இவர் பிடுங்கின இடத்துக்குப் பல் செய்கிறவர். மருத்துவர்கள் வாயை அளவெடுத்து அச்சு அனுப்புவார்கள். இவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பல் கட்டித் திருப்பி அனுப்புவார். படித்து வந்த தொழில் இல்லை. ஒரு பட்டறையில் அச்சுக் கழுவப் போய், பார்த்துப் பார்த்து, கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டது. இருபத்தாறு வருடமாக இதே ஸ்டூல். ஒரு பல்லை ஒன்பது தடவை கழற்றி மாட்டுவார். பத்தாவது தடவையும் முகம் சுளிக்க மாட்டார். அப்படிப்பட்ட பொறுமைசாலி, போன் அடித்தால் வழக்கமாக என்ன செய்கிறார் என்று பாருங்கள்.

கையைத் துடைக்கிறார். ஸ்டூலைப் பின்னுக்குத் தள்ளுகிறார். போனைப் பல் கட்டும் மாவு டப்பாமேல் சாய்த்து ஸ்பீக்கரைப் போடுகிறார். தொண்டையைச் செருமிக்கொள்கிறார்.

“யாரு?”

“வணக்கம் சார், நகரத்துக்கு மிக அருகில் வீட்டு மனை...”

“இருங்க. என் நம்பர் உங்களுக்கு எங்கேருந்து கிடைச்சது?”

இந்தக் கேள்விக்கு உலகத்தில் யாரிடமும் விடை கிடையாது. அது அவருக்கும் தெரியும். விடை வேண்டியா கேட்கிறார்? அடுத்தது, “உங்க பேரு என்ன? நிஜப் பேரைச் சொல்லுங்க.” அதற்கடுத்தது, “இப்ப நான் என்ன வேலை பண்ணிட்டிருக்கேன்னு உங்களுக்குத் தெரியுமா?” தெரியாது என்று எதிர்முனை ஒப்புக்கொள்ளும். தெரியாதல்லவா, ஆகவே விளக்குவார். அச்சு, மெழுகு, மாவு, வேகவைப்பது, மெருகேற்றுவது எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, “இவ்வளவையும் நிறுத்திட்டு உங்ககிட்டப் பேசறேன்!” என்று முடிப்பார். நிறுத்தச் சொன்னது யார்? அந்த இடத்துக்குள் நாம் போக வேண்டாம்.

பிறகு, “உங்க மேலதிகாரியைக் கூப்பிடுங்க.” மேலதிகாரி என்று ஒரு குரல் வரும். அது பக்கத்து நாற்காலிக்காரனின் குரல் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் அதே திட்டை மேலதிகாரி என்று சொல்லப்படுபவரிடம் திட்டினால் ருசி கொஞ்சம் கூடத்தான் செய்கிறது. அதன்பின் மனையைப் பற்றிய விசாரணை. தண்ணீர் எத்தனை அடியில், மண் என்ன நிறம், மழை பெய்தால் வழி உண்டா, பக்கத்தில் சுடுகாடு இருக்கிறதா. இருக்கிறது என்றால் எவ்வளவு தூரம், எரிப்பார்களா புதைப்பார்களா, காற்று எந்தப் பக்கம். பாவம், அந்தப் பையன் இதோ ஒரு மனை விற்றுவிட்டோம் என்று எழுந்தே நின்றுவிடும் நேரத்தில், “எனக்கு மனையே வேண்டாம்யா!” என்பார்.

எதிர்முனை ‘டொக்’கென்று வைக்கும். அவ்வளவுதான். பல்லுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு எதிரிலிருக்கும் முடிதிருத்தும் கடைக்குப் போய்விடுவார்.

“பதினேழு நிமிஷம்! கடைசில அவனே வச்சுட்டான்.”

முடிதிருத்துபவர், பாதி நுரையோடு இருக்கும் கன்னத்திலிருந்து கத்தியை எடுக்காமலே, “அவன் நேரத்தை நல்லா வீணாக்கினீங்க போங்க” என்பார். நுரைக்குள் இருப்பவர் சிரிக்கப் பயந்து மூச்சைப் பிடித்துக்கொள்வார். பல்லுக்காரர் இதைப் பாராட்டாகவே வாங்கிக்கொண்டு திரும்புவார்.

வீட்டில் மட்டும் இந்த வீரம் செல்லுபடியாகவில்லை.

“ஏங்க, அவனுக்குப் பேசறதுக்குச் சம்பளம் குடுக்கறாங்க. உங்களுக்கு?” என்பார் மனைவி.

“இது கொள்கை. உனக்குப் புரியாது.”

“கொள்கை முடிய இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்னு சொன்னீங்கன்னா, அதுக்கேத்த மாதிரி சாப்பாட்டைச் சுட வைப்பேன்.”

நான் சொல்ல வந்தது ஒரு குறிப்பிட்ட புதன்கிழமையைப் பற்றி. அன்று அவர் கையில் இருந்த அச்சைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

அந்த அச்சு வந்து இரண்டு வாரத்துக்கு மேலாகியிருந்தது. கூடவே அதை அனுப்பிய பல் டாக்டரம்மாவின் சீட்டு: ‘பெண், வயது 24. மேல் முன்பல் இரண்டு. பேச்சு வேலை. அவசரம்.’ ‘அவசரம்’ என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு. சீட்டைப் படித்ததும் பல்லுக்காரருக்கு மனசு இளகிவிட்டது. “டீச்சரா இருக்கும். பாவம், முன்பல் ரெண்டும் இல்லாம வகுப்புல நின்னா பிள்ளைங்க சும்மா விடுமா?” என்று மனைவியிடம் சொன்னார். அன்றே உட்கார்ந்தார். அன்றே ஒரு காப்பீட்டுக்காரன் கூப்பிட்டான். நாற்பது நிமிடம். முதல் கெடு போயிற்று.

இரண்டாவது கெடு இன்னும் மோசம். பல்லைத் தாங்கும் தட்டை அச்சுப்பெட்டிக்குள் இறுக்கி வெந்நீரில் வேகவைக்க வேண்டும். சூடு ஒரே சீராக ஏற வேண்டும், பக்கத்தை விட்டு நகரக் கூடாது. நகரவில்லை அவர். பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்து, கடன் வேண்டுமா என்று கேட்ட ஒருவனிடம், கடன் என்ற ஏற்பாடு மனித குலத்துக்கு எப்படிக் கேடாக முடிந்தது என்று ஆதியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீர் தளதளவென்று கொதித்துத் தீர்ந்தது. பெட்டியைத் திறந்தால், தட்டு முழுக்கத் தேன்கூடுபோல ஓட்டை. டாக்டரம்மாவுக்கு, ‘அடுப்பு பழுது. வெள்ளிக்கிழமை காலை நிச்சயம்’ என்று ஒரு செய்தி தட்டிவிட்டார். அடுப்பு அந்தப் பழியைச் சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டது.

இதுதான் புதன்கிழமை நிலவரம். வெள்ளிக்கு இடையில் ஒரே நாள். புதிதாக மெழுகு வைத்து, முதல் பல்லை நிறுத்தும்போதுதான், இந்தக் கதையின் தொடக்கத்தில் நீங்கள் கேட்ட போன் அடித்தது.

“யாரு?”

“வணக்கம் சார். சந்தோஷமான செய்தி சார். சிறப்புச் சலுகையில சுற்றுலா சந்தா...”

ஒரு பெண் குரல். சின்ன வயசு. ஆனால் ஒவ்வொரு ‘ச’விலும் காற்று விசிலடித்துக்கொண்டு வெளியே ஓடியது, மூடி சரியாகப் பொருந்தாத கெட்டில் கொதிப்பதுபோல. அதுவும் அந்த வாசகத்தை எழுதினவர் ‘ச’வைக் கைநிறைய அள்ளித் தெளித்திருந்தார். பல்லுக்காரர் ஸ்டூலை நகர்த்திக்கொண்டு கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். தொழில் காது விழித்துக்கொண்டது. ஆனால் கொள்கை முந்திக்கொண்டது.

“என் நம்பர் உங்களுக்கு எங்கேருந்து கிடைச்சது?”

“சிஸ்டம்ல வந்துச்சு சார்.”

“சிஸ்டம் எங்க இருக்கு?”

“என் முன்னாடி சார்.”

பல்லுக்காரர் ஒரு கணம் அசந்துபோனார். இப்படி யாரும் இதுவரை பதில் சொன்னதில்லை.

“அதுக்கு யாரு குடுத்தாங்க?”

“தெரியாது சார். எனக்கு இந்த வேலையை யாரு குடுத்தாங்கன்னே சரியாத் தெரியாது. வாசல்ல ஒரு பேரு இருக்கு, சம்பளம் இன்னொரு பேருல வருது, நான் போன்ல மூணாவதா ஒரு பேரைச் சொல்றேன். ஏழு பகல், ஆறு இரவு சார், குடும்பத்தோட...”

“எந்த நாட்டுலேருந்து பேசறீங்க?”

“அதைச் சொல்லக் கூடாது சார்.”

எங்கோ கடலுக்கு அப்பால், வானம் தொடும் கண்ணாடிக் கட்டடத்தில் இவள் உட்கார்ந்திருப்பதாகப் பல்லுக்காரர் நினைத்துக்கொண்டார். அவள் உட்கார்ந்திருந்தது அவர் வீட்டிலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி, ஒரு மெத்தைக் கடைக்கு மேலே இருந்த இரண்டாவது மாடியில்.

வாசகரே, அந்த உரையாடல் முப்பத்தெட்டு நிமிடம் நடந்தது. ஏன் முடியவில்லை என்று உங்களுக்குத் தோன்றும். காரணம் இருக்கிறது. அவளுடைய அலுவலகத்தில் ஒரு விதி: வாடிக்கையாளர் வைக்கும்வரை நீ வைக்கக் கூடாது. அதை மீறினால் மதிப்பெண் போய்விடும். இவருக்கோ கொள்கை. வைக்கக் கூடாதவளும் வைக்க மாட்டாதவரும் ஒரே கம்பியின் இரண்டு முனையில் மாட்டிக்கொண்டால், யார்தான் வந்து அவிழ்ப்பது? அவர் கடலில் போகலாமா என்று கேட்டார். போகலாம் சார் என்றாள். மலை? மலையும் உண்டு சார். பல்லுக்காரருக்கு மலை ஏறினால் காது அடைக்கும், அதையும் சொன்னார். மெல்லுவதற்கு மிட்டாய் தருவார்கள் சார் என்றாள். மிட்டாய் பல்லுக்குக் கெடுதல் என்று ஆறு நிமிடம் பேசினார். அதையும் கேட்டாள். அவருடைய அம்பறாத்தூணி காலியாகிக்கொண்டே வந்தது. அவளோ, “வேற ஏதாவது சந்தேகம் இருக்கா சார்?” என்று விசிலடித்தபடி நின்றாள்.

அப்போதுதான் அவர் தொழிலை ஆயுதமாக எடுத்தார். எடுத்திருக்கக் கூடாது.

“இந்தா பாரு. உனக்கு மேல முன்பல் ரெண்டும் இல்ல. பக்கத்துப் பல்லு சரியா இருக்கு, அதனாலதான் ‘த’ ஒழுங்கா வருது, ‘ச’ வர்றப்ப மட்டும் காத்து ஓடுது. பல்லு போன வாயை வச்சுக்கிட்டு எனக்குச் சுற்றுலா விக்க வந்துட்டியா?”

முப்பத்தெட்டு நிமிடத்தில் முதல் தடவையாக எதிர்முனையில் மௌனம். ஜெயித்தாயிற்று என்று பல்லுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இதோ வைத்துவிடுவாள். இதோ.

வைக்கவில்லை. குரல் மட்டும் இறங்கி வந்தது. சார் சார் என்று வாசித்த குரலுக்கு அடியில் இன்னொரு குரல் இருந்திருக்கிறது.

“எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“காதுதான். இருபத்தாறு வருஷத்துக் காது.”

“மூணு வாரம் ஆச்சு. பஸ் படில விழுந்துட்டேன். பல்லு கட்டக் குடுத்திருக்கு, செய்யறவரு ரெண்டு தடவை நாள் தள்ளிட்டாரு. நாங்க பேசறதையெல்லாம் கேட்டு மார்க் போடுவாங்க. ‘பேச்சு புரியவில்லை’ன்னு போன வாரமே எழுதிட்டாங்க. வெள்ளிக்கிழமை மறுபடி கேப்பாங்க. அன்னிக்கும் இப்படியே விசிலடிச்சேன்னா, என் வேலை வேற ஆளுக்குப் போயிடும்.”

பல்லுக்காரருக்கு முகம் சிவந்தது. முப்பத்தெட்டு நிமிடமாகக் கொதித்துக்கொண்டிருந்த கோபத்துக்கு இப்போது வேறொரு ஆள் கிடைத்துவிட்டான்.

“எவன் அவன்?”

“யாரு சார்?”

“பல்லு செய்யறேன்னு வாங்கி வச்சிருக்கானே, அவன்! ரெண்டு பல்லு! ரெண்டே ரெண்டு பல்லுக்கு இத்தனை நாளா? ஒரு பொண்ணோட பொழப்பு போகுதேங்கிற எண்ணம் வேண்டாம்? இந்த மாதிரிச் சோம்பேறிங்களாலதான் எங்க தொழிலுக்கே கெட்ட பேரு. நம்பரைக் குடு. நான் பேசறேன் அவன்கிட்ட.”

“நம்பர் இருந்தும் பிரயோஜனம் இல்ல சார். டாக்டரம்மா என் எதிர்லயே எத்தனையோ தடவை அடிச்சுப் பாத்தாங்க. எப்பவும் பிஸி. ‘இந்தப் பல்லுக்காரர் அப்படி யாருகிட்டத்தான் பேசிட்டே இருப்பாரோ’ன்னு அவங்களே தலையில அடிச்சுக்கிட்டாங்க.”

பல்லுக்காரர் இடது கையில் இருந்த அச்சைப் பார்த்தார். முன்னால் ஒற்றைக் கோணல் பல்லோடு அது அவரைப் பார்த்துச் சிரித்தது. சீட்டைப் பார்த்தார். பெண். இருபத்து நாலு. பேச்சு வேலை. இரண்டு வாரமாக அவர் மனசுக்குள் கரும்பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்த டீச்சர், சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு மெத்தைக் கடை மாடிக்கு ஏறிப்போனாள்.

அவர் போனை வைத்தார்.

ஆமாம். அவர்தான் வைத்தார். சத்தம் நின்றதைக் கேட்டு உள்ளேயிருந்து வந்த மனைவி, “யாரு வச்சாங்க? அவங்களா?” என்று கேட்டார்.

“நான்தான்.”

மனைவி பக்கத்தில் வந்து, புறங்கையை அவர் நெற்றியில் வைத்துப் பார்த்தார்.

அன்று சாயங்காலம்வரை பல்லுக்காரர் ஸ்டூலை விட்டு எழவில்லை. போன் நாலைந்து தடவை அடித்தது. அடிக்கும்போதெல்லாம் தோள் துள்ளியது, கை துள்ளவில்லை. முதல் பல் நின்றது. இரண்டாவது பல் நின்றது. அங்கேதான் சிக்கல் வந்தது.

இரண்டு பல்லையும் நிறுத்தின பிறகும் ஓர் இழை இடம் மிச்சமிருந்தது. பெரிய பல்லாக எடுத்துப் போட்டால் அடைபட்டுவிடும். பார்க்கவும் லட்சணமாக இருக்கும். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் கடவுள் கொடுத்த பல்லிலேயே நடுவில் சந்து இருந்திருந்தால்? இருபத்து நாலு வருடம் அந்தச் சந்தை வைத்துப் பேசிப் பழகின நாக்கு, அடைத்த சுவரில் முட்டிக்கொண்டு மறுபடி குளறும். முன்பு எப்படி இருந்தது என்று அச்சு சொல்லாது. சொல்ல வேண்டியவள் ஒருத்திதான். டாக்டரம்மாவிடம் கேட்டு அந்தப் பெண்ணின் சொந்த எண்ணை வாங்கினார். டாக்டரம்மா எண்ணைக் கொடுப்பதற்கு முன்னால் கொடுத்த வேறு சிலவற்றை இங்கே எழுதவில்லை.

வியாழக்கிழமை காலை ஏழரைக்கு, அவள் வேலைக்குக் கிளம்புமுன் அடித்தார்.

“வணக்கம்மா, உங்களோட...”

“வேண்டாங்க.” டொக்.

மறுபடி அடித்தார்.

“அம்மா, வைக்காதீங்க, நான்...”

“என் நம்பர் உங்களுக்கு எங்கேருந்து கிடைச்சது?” டொக்.

அந்தக் கேள்வியை மறுமுனையிலிருந்து கேட்பது எப்படி இருக்கும் என்று பல்லுக்காரர் யோசித்ததே இல்லை. மூன்றாவது தடவை.

“ஒரே நிமிஷம்மா, ஒரே ஒரு கேள்வி...”

“காலங்காத்தால உயிரை எடுக்கறீங்களே! உங்க மேலதிகாரியைக் குடுங்க முதல்ல!”

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். மேலதிகாரி இடுப்பில் கை வைத்து வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். போனை அவரிடம் நீட்டுவதற்குள், டொக். நாலாவது தடவை மணியே போகவில்லை. எண்ணைத் தடுத்துவிட்டாள்.

“டாக்டரம்மாவை விட்டு அவளைக் கூப்பிடச் சொல்லுங்க” என்றார் மனைவி.

அதற்குள் மணி எட்டு. எட்டுக்கு அவள் அலுவலகத்தில் எல்லோரும் சொந்தப் போனைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் இருக்கையில் உட்கார வேண்டும். மாலை ஐந்துக்குத்தான் கையில் கிடைக்கும். பல்லுக்காரருக்கோ மதியத்துக்குள் சந்து உண்டா இல்லையா என்று தெரிந்தாக வேண்டும். மதியம் வேகவைத்தால்தான் ஆறவைத்து, ராவி, மெருகேற்றி, காலைக்குத் தர முடியும். ஒரே வழிதான் இருந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக, யாராவது எதையாவது விற்க மாட்டார்களா என்று அவர் காத்திருந்தார்.

வந்தார்கள். என்றைக்கு வராமல் இருந்திருக்கிறார்கள்?

“வணக்கம் சார், வீட்டு மனை...”

“சுற்றுலா இல்லையா? வைங்க.” டொக்.

“சார், ஆயுள் காப்பீடு...”

“ஆயுசு இருக்கு. வைங்க.” டொக்.

எதிர்க்கடைக்காரர் தெருவைத் தாண்டி வந்து, “என்ன ஆச்சு? ஒருத்தனையும் ரெண்டு வார்த்தைக்கு மேல பேச விடறதில்லையே, உடம்பு சரியில்லையா?” என்று விசாரித்துவிட்டுப் போனார். பதினொன்றே கால் ஆயிற்று. போன் அடித்தது.

“வணக்கம் சார். சந்தோஷமான செய்தி...”

“வைக்காதே! வைக்காதேம்மா! விசில் பொண்ணுதானே? நான்தான். அந்தச் சோம்பேறி நான்தான். உன் பல்லு என் கையிலதான் இருக்கு. நாளைக்குக் காலைல தந்துடுவேன். ஒண்ணே ஒண்ணு சொல்லு. முன்பல் ரெண்டுக்கும் நடுவுல முன்னாடி சந்து இருந்துச்சா?”

அவள் பேசுவது ஒவ்வொன்றும் பதிவாகிறது; மதிப்பெண் போடுகிறவர் எந்த நேரமும் காதை வைக்கலாம். ஆனால் அவள் இவரோடு முப்பத்தெட்டு நிமிடம் நின்றவள். வாசிக்கிற குரலைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

“தங்கள் கேள்விக்கு நன்றி சார். ஆமாம் சார், அந்தச் சிறப்பு வசதி எங்களிடம் ஆரம்பத்திலிருந்தே உண்டு.”

“எவ்வளவு?”

“ஒரு தபால் அட்டை நுழையும் அளவு சார். எங்கள் தாய் நிறுவனத்திலும் அதே வசதி உண்டு.”

பல்லுக்காரர் அச்சின் நடு இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். “அப்படியே வச்சுடவா, அடைச்சுடவா? அடைச்சா அழகா இருக்கும்.”

“வாடிக்கையாளரின் விருப்பம், அதை அப்படியே வைத்துக்கொள்வது சார்.”

“சரி. நாளைக்குக் காலைல ஏழு மணி. டாக்டரம்மா கிளினிக்.”

“தங்கள் முன்பதிவைக் குறித்துக்கொண்டேன் சார். வேறு ஏதாவது உதவி தேவையா?”

“ஒண்ணும் வேண்டாம். நீ வை.”

“விதிப்படி நாங்கள் வைக்கக் கூடாது சார்.”

“அட ஆமாம். சரி, நான் வைக்கறேன்.” வைத்தார். அதில் தோல்வி எதுவும் தெரியவில்லை அவருக்கு. தபால் அட்டை தேடி அலமாரியைக் கலைக்கத் தொடங்கினார். தபால் அட்டை யார் வீட்டில் இருக்கிறது இப்போது? கடைசியில் முடிதிருத்தும் கடைக்குப் போய், அங்கிருந்த காலண்டரின் அட்டையில் ஒரு துண்டைக் கத்தரித்துக் கொண்டுவந்தார். காலண்டரில் போன மாதத்துக்கு ஒரு மூலை போயிற்று. மதியம் வெந்நீருக்குப் பக்கத்தில் மனைவியும் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். போன் மனைவியின் மடியில் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை. வழக்கமாக வேலையைக் கொடுத்தனுப்புவதோடு சரி, வாய்க்குச் சொந்தக்காரர்களை அவர் பார்ப்பதில்லை. அன்று தானே போனார். கிளினிக் நாற்காலியில், அலுவலக அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கையால் வாயை மறைத்தபடி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தெட்டு நிமிடம் தன்னை எதிர்த்து நின்றது இவ்வளவு சின்ன உருவமா என்று பல்லுக்காரருக்கு ஆச்சரியம். அவர் இவ்வளவு சாதுவாக இருப்பார் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. இருவரும் வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். நேரில் பேச இருவருக்கும் ஒன்றும் இல்லை.

டாக்டரம்மா பல்லைப் பொருத்திவிட்டு, “ஏதாவது பேசும்மா” என்றார்.

“என்ன பேசறது?”

“உன் சந்தோஷமான செய்தியைச் சொல்லு” என்றார் பல்லுக்காரர். “முழுசா. ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும்.”

சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சந்தோஷம், சிறப்பு, சலுகை, சந்தா, ஏழு பகல், ஆறு இரவு. ஓரிடத்திலும் குறுக்கே பேசவில்லை. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு வாசகத்தை அவர் கடைசிவரை கேட்டதில்லை. ஆகவே அதன் கடைசி வரி என்ன என்று அவருக்குத் தெரியாது. அது இப்படி இருந்தது: “தங்கள் பொன்னான நேரத்தை எங்களுக்காக ஒதுக்கியதற்கு மனமார்ந்த நன்றி.”

“இதெல்லாம் வேற சொல்வீங்களா?”

“சொல்றதுக்கு யாரும் விட்டதில்ல சார்.”

“‘சிறப்பு’ல லேசா ஒரு காத்து. கழட்டிக் குடு.” அரத்தால் உள்பக்கம் இரண்டு இழுப்பு இழுத்து, குழாயடியில் நின்று மெருகுத் துணியால் தேய்க்க ஆரம்பித்தார். தேய்த்துக்கொண்டே, “நேத்து இத்தனை பேரை விட்டுட்டு எப்படிச் சரியா என்னையே கூப்பிட்டே?” என்று கேட்டார்.

அவள் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தாள். “உங்களைத்தான் சார் எல்லாருமே கூப்பிடுவோம். லிஸ்ட்ல முதல் பேரே நீங்கதான். யாரு எவ்வளவு நேரம் வைக்காமப் பேசறாங்களோ, அவங்க பேருக்கு எதிர்ல சிஸ்டமே ஒரு குறிப்புப் போட்டுக்கும். உங்களுக்கு ‘மிகுந்த ஆர்வம்’னு போட்டிருக்கு. எங்ககிட்டேருந்துதான் மனைக்காரங்க, காப்பீட்டுக்காரங்க எல்லாரும் அந்த லிஸ்டை வாங்கிக்கிட்டுப் போறாங்க.”

டாக்டரம்மா ஜன்னல் பக்கம் திரும்பி, தோள் குலுங்க, திரையைச் சரிசெய்தார்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களுக்கு அந்த வழக்கம் கிடையாது. தெரியாத ஆள் கூப்பிட்டால் நீங்கள் பேச்சுக் கொடுக்க மாட்டீர்கள். நல்லது. ஆனால் ஒன்றை யோசியுங்கள். நான் யார் என்று உங்களுக்குத் தெரியாது. என்னைப் பேசச் சொல்லி நீங்கள் கேட்கவும் இல்லை. உங்கள் அடுப்பில் ஏதாவது கொதிக்கிறதா, யாருக்காவது தர வேண்டிய வேலை மேசையில் கிடக்கிறதா, அதுவும் எனக்குத் தெரியாது. இவ்வளவு நேரமாக நான் பேசிக்கொண்டே இருக்கிறேன், நீங்களும் வைக்காமல் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். உங்கள் பேருக்கு எதிரில் என்ன குறிப்பு விழுந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா?

பல்லுக்காரர் பல்லைத் தண்ணீரில் அலசி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, காலண்டர் அட்டைத் துண்டை நடுச் சந்தில் ஒரு தடவை நுழைத்து எடுத்தார். சரியாகப் போய் வந்தது. சட்டைப் பையில் போன் அடித்தது. அவர் பையைத் தொடவில்லை. ஈரத்தைத் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

“இந்தாம்மா. போட்டுக்கோ. பஸ்ஸுக்கு நேரமாச்சு.”